மேடைக்கு வந்த பொறியாளர்: பிற துறைகளோடு சேர்ந்து ஆடும் நடனக் குழுக்கள்

1965ஆம் ஆண்டு ஜூலை. நியூயார்க்கில் ஒரு பெரிய இசையரங்கம். மேடையில் ஆங்காங்கே ஐந்தடி உயர உலோகக் கம்பங்கள் நிற்கின்றன. ஆடுபவர் ஒருவர் அவற்றில் ஒன்றை நெருங்குகிறார், எங்கிருந்தோ ஓர் ஒலி எழுகிறது. விலகுகிறார், ஒலி மாறுகிறது. பின்னால் இசைக்கலைஞர்கள் டேப் ரெக்கார்டர்களையும் ரேடியோக்களையும் கையாண்டுகொண்டிருக்கிறார்கள். ஆனால் எந்த ஒலி எப்போது அரங்கத்துக்குள் வரும் என்பதை அவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆடுபவர்களின் உடலுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அந்தக் கம்பங்கள் ஆன்டெனாக்கள். அவற்றை வடிவமைத்தவர் ராபர்ட் மூக். பிற்பாடு சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி என்றாலே இவர் பெயர்தான் என்று ஆனது. மேடையில் ஒளி உணரும் கருவிகளும் இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பு, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடமான பெல் ஆய்வகத்துப் பொறியாளர் பில்லி க்ளூவர். இசை ஜான் கேஜ், நடன அமைப்பு மெர்ஸ் கன்னிங்ஹாம். ‘வேரியேஷன்ஸ் ஃபைவ்’ என்பது படைப்பின் பெயர். அதன் முடிவில் கன்னிங்ஹாம் ஒரு சைக்கிளில் ஏறி மேடையில் ஓட்டிக்கொண்டு போவார்.

இசைக்கு ஏற்ப ஆடுவதுதான் நடனம் என்று பழகிவிட்டோம். இங்கே ஆட்டம் ஒலியைக் கிளப்புகிறது. ஒரு நடனக் கலைஞர் மட்டும் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது வந்திருக்காது, ஒரு பொறியாளர் மட்டும் யோசித்திருந்தாலும் வந்திருக்காது. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தது. பிற துறைகளோடு நடனத்தை இணைக்கும் குழுக்கள் என்கிறார்களே, அவை என்ன செய்கின்றன, எப்படிச் செய்கின்றன, புதிதாகப் பார்க்கப் போகிறவர் எதைக் கவனிக்கலாம் என்று எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இலக்கணத்தைத் தேடிப் போகிறவர்கள்

பரதநாட்டியத்துக்கு அடவுகள் உண்டு. பாலே நடனத்துக்குக் காலின் ஐந்து நிலைகள் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முன்பே அந்த இலக்கணம் அங்கே இருக்கிறது, அதற்குள் நின்றுதான் புதிதாகச் செய்ய வேண்டும். சமகால நடனத்தில் அப்படி எல்லோருக்கும் பொதுவான அடவுத் தொகுதி கிடையாது. நடப்பது, விழுவது, மூச்சு விடுவது, அசையாமல் நிற்பது எல்லாமே அதற்குக் கச்சாப் பொருள். ஒவ்வொரு படைப்பும் தனக்கான விதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

சரி, அந்த விதிகள் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விதான் நடனக் குழுக்களை வெளியே அனுப்புகிறது. இலக்கணம் கையில் இல்லாதவர் அதைத் தேடிப் போயாக வேண்டும். ஒருவர் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போகிறார், ஒருவர் கணிதத்துக்கு, ஒருவர் மருத்துவமனைக்கு. பல துறைகளையும் தொட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை மட்டும் இதற்குக் காரணமாக இருந்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். தேவை இருக்கிறவர்கள்தான் அங்கே வருடக்கணக்கில் தங்குகிறார்கள்.

நடனம் என்றைக்குமே தனியாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி மட்டுமா வருகிறாள்? ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியும் விரிவாகச் சொல்லப்படுகிறது. மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் மேடைமேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. கட்டடக்கலையும் ஒளியமைப்பும் அன்றே நடனத்தோடு சேர்ந்து வேலை செய்தன.

பிற்காலத்தில் என்ன மாறியது? பழைய முறையில் எல்லாக் கலையும் ஆட்டத்துக்குத் துணை. புதிய முறையில் வந்து சேருகிற துறை தன்னுடைய கேள்வியையும் கையோடு கொண்டுவருகிறது. 1917இல் பாரிஸில் அரங்கேறிய ‘பரேட்’ பாலேவுக்கு உடையும் திரையும் பிகாசோ, இசை எரிக் சாட்டி. இசைக்குழுவில் டைப்ரைட்டரும் சைரனும் துப்பாக்கி ஒலியும் இருந்தன. பிகாசோ செய்த சில உடைகள் ஆளைவிடப் பெரிய அட்டைக் கட்டுமானங்கள். அதைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல ஆட முடியாது, ஆகவே ஆட்டம் மாறியாக வேண்டும். ஓவியம் நடனத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பதோடு நிற்கவில்லை, நடையையே மாற்றியது.

அதற்கும் முன்னால் அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர் இருக்கிறார். நீளமான பட்டுத் துணியும் மின்விளக்கும் அவருடைய கருவிகள். கைக்குள் கோல்களை வைத்துத் துணியைச் சுழற்றும் தன் உடைக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ரேடியம் ஒளிரும் என்று கேள்விப்பட்டதும் அதில் இறக்கை செய்ய முடியுமா என்று, அதைக் கண்டுபிடித்த மேரி, பியர் க்யூரி தம்பதிக்கே கடிதம் எழுதினார். முடியாது என்று அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். அப்புறம் நண்பர்களானார்கள், ஃபுல்லர் அவர்கள் வீட்டிலேயே ஆடிக் காட்டினார். ரேடியத்தின் கதிர்வீச்சு உடலைக் கெடுக்கும். நல்லவேளை, அந்த இறக்கை செய்யப்படவில்லை.

ஒத்துப்போகாமலே சேர்ந்திருப்பது

புதிதாகப் பார்க்கிறவரை அதிகம் குழப்புவது கன்னிங்ஹாமின் வழிதான். அதனால் அதில் கொஞ்சம் நிற்கலாம்.

அவர் 1953இல் வட கரோலினாவின் பிளாக் மவுன்டன் கல்லூரியில் தன் குழுவைத் தொடங்கினார். அவரும் கேஜும் வகுத்த ஏற்பாடு இது: நடனத்தை ஒருவர் தனியாகச் செய்யட்டும், இசையை இன்னொருவர் தனியாகச் செய்யட்டும், மேடை வடிவமைப்பை மற்றொருவர் தனியாகச் செய்யட்டும். மொத்தம் எத்தனை நிமிடம் என்பதுபோலச் சிலதை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்வார்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்வது மேடையில். ஆடுபவர்கள் அந்த இசையை முதன்முதலில் அரங்கேற்றத்தன்றுதான் கேட்டார்கள் என்பதும் நடந்திருக்கிறது. ஓர் அசைவுக்குப் பின் எந்த அசைவு, மேடையின் எந்த மூலையில் என்பதையெல்லாம் நாணயம் சுண்டியும் முடிவு செய்தார்.

ஏன் இப்படி? தன் பழக்கம் தன்னை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியும். வலது காலுக்குப் பின் இடது கால், ஏறுமுகமான இசைக்குத் துள்ளல், சோகமான இசைக்குத் தலைகுனிவு. நாணயத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது கேட்கும் அசைவு உடலுக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் அந்தச் சங்கடத்துக்குள்தான் யாரும் இதுவரை ஆடாத ஒன்று இருக்கக்கூடும்.

1968இல் வந்த ‘ரெயின்ஃபாரஸ்ட்’ படைப்பில் மேடை முழுக்க வெள்ளி நிறத் தலையணைகள் மிதந்தன. ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்தவை, உள்ளே ஹீலியம் வாயு. அவற்றை உருவாக்க அவருக்கு உதவியவரும் அதே க்ளூவர்தான். தலையணைகள் யார் சொல்லும் கேட்காது. ஆடுபவர் கை வீசினால் விலகும், சில சமயம் குறுக்கே வந்து நிற்கும். ஒவ்வோர் இரவும் மேடை வேறாக இருக்கும். மற்றவரோடு சேர்ந்து வேலை செய்வது என்றால் எல்லோரும் ஒரே கருத்துக்கு வருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இரண்டு துறைகள் தங்கள் இயல்பை விட்டுக்கொடுக்காமலே ஒரே மேடையில் நிற்க முடியும் என்று கன்னிங்ஹாம் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து காட்டினார்.

க்ளூவர் இதோடு நிற்கவில்லை. 1966 அக்டோபரில் நியூயார்க்கின் ஒரு பழைய ராணுவக் கூடத்தில் பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சுமார் முப்பது பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். லூசிண்டா சைல்ட்ஸ், ஸ்டீவ் பாக்ஸ்டன், டெபோரா ஹே, இவான் ரெய்னர் போன்ற நடனக் கலைஞர்கள் அதில் இருந்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் செய்த டென்னிஸ் ஆட்டம். மட்டைக்குள் மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் வைத்திருந்தார்கள். பந்து படும்போதெல்லாம் கூடம் முழுக்க ஓசை அதிரும், ஒரு விளக்கு அணையும். ஆடிக்கொண்டே போகப் போக இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றும் தெரியாத கும்மிருட்டு. அந்த இருட்டில் நூற்றுக்கணக்கானோர் வந்து நிற்க, அவர்களை அகச்சிவப்புக் கேமரா படம் பிடித்துத் திரையில் காட்டியது. விளையாட்டா, நடனமா, மின்னணுவியலா என்று கேட்டால் எதையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

எதைக் கடன் வாங்குகிறார்கள்?

ஒரு குழு இன்னொரு துறையிடம் போகும்போது எதை வாங்கிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். படைப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

சிலர் பொருளை வாங்குகிறார்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 2006இல் மரபணு ஆய்வை வைத்து ஒரு படைப்பு செய்தார். ஸ்விட்சர்லாந்தின் நடன அமைப்பாளர் ஜில் ஜோபேன் 2012இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் தங்கி இயற்பியலாளர்களோடு பேசிப் பேசி அடுத்த ஆண்டு ‘குவாண்டம்’ என்ற படைப்பைக் கொண்டுவந்தார். அது துகள் மோதல் ஆய்வு நடக்கும் இடத்திலேயே அரங்கேறியது. சென்னையின் நடன அமைப்பாளர் சந்திரலேகா 1989இல் பாஸ்கரரின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித நூலான லீலாவதியை எடுத்து ஆட்டமாக்கினார். தேனீக்கூட்டமும் தாமரையும் மயிலும் பாம்பும் வரும் கணக்குகள் உள்ள நூல் அது. கணிதம் படித்தவர்களுக்கே அதில் ஓர் அசைவு தெரியும்.

பொருளை மட்டும் வாங்குவதில் ஒரு வழுக்கல் உண்டு. மரபணு என்றால் இரண்டு பேர் முறுக்கிக்கொண்டு சுழல்வது, அணு என்றால் ஒருவரைச் சுற்றி மற்றவர் ஓடுவது. பாடப்புத்தகப் படத்தை உடலால் வரைந்து காட்டுவதோடு வேலை முடிந்துவிடும். பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது, ஆய்வாளருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. லெர்மன் இதைத் தாண்டிப் போக ஒரு வழி கண்டார். பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றி 2010இல் அவர் செய்த படைப்பின் இரண்டாம் பாதியில் பார்வையாளர்களை மேஜைகளைச் சுற்றி உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துப் பேச வைத்தார். அறிவியலை விளக்குவதைவிட அதைப் பற்றிப் பேச ஓர் இடம் கொடுப்பதே நடனத்தின் வேலை என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

வேறு சிலர் கருவியை வாங்குகிறார்கள். மூட்டுவலியால் தானே ஆடிக்காட்ட முடியாத வயதில் கன்னிங்ஹாம் கணினிக்கு வந்தார். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் உருவான ‘லைஃப் ஃபார்ம்ஸ்’ மென்பொருளில் மனித உருவங்களை அசைத்து அசைத்து நடனம் அமைத்தார். திரையில் உள்ள உருவத்துக்கு எலும்பு இல்லை, பயம் இல்லை. அது காட்டும் அசைவை ஆடுபவர்கள் தங்கள் உடலுக்குள் எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1999இல் வந்த ‘பைபெட்’ படைப்பில், உடலின் அசைவைக் கணினித் தரவாகப் பிடிக்கும் மோஷன் கேப்சர் முறையில் பதிவு செய்த அசைவுகள், கையால் வரைந்தது போன்ற ஒளிக்கோட்டு உருவங்களாக மேடைக்கு முன்னே தொங்கிய மெல்லிய திரையில் நடமாடின. பின்னால் நிஜ மனிதர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருக்கு எண்பது வயது.

பிரிட்டனின் நடன அமைப்பாளர் வெய்ன் மெக்ரெகர் 1992இல் தொடங்கிய தன் குழுவின் இருபத்தைந்து ஆண்டுக் காணொளிச் சேமிப்பைக் கூகுளோடு சேர்ந்து ஒரு செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்துப் பழக்கினார். ஓர் அசைவைக் காட்டினால், அடுத்து என்ன வரலாம் என்று அது சில வழிகளைச் சொல்லும். எடுப்பதும் விடுவதும் ஆடுபவர் விருப்பம்.

இன்னும் உள்ளே போகிறவர்கள் யோசிக்கும் முறையையே வாங்குகிறார்கள், அல்லது தங்கள் யோசிக்கும் முறையைக் கொடுக்கிறார்கள். நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் ‘ஒன் ஃப்ளாட் திங், ரீப்ரொட்யூஸ்ட்’ 2000இல் வந்தது. இருபது மேஜைகள் நெருக்கமாக வரிசையில் நிற்க, அவற்றின் மேலும் கீழும் இடுக்கிலும் ஆட்டம் நடக்கும். முதல்முறை பார்க்கும்போது பெருங்குழப்பமாகத் தெரியும். ஆனால் அதற்குள் கறாரான ஒழுங்கு உண்டு. ஒருவர் கை நீட்டினால் அதைப் பார்த்து இன்னொருவர் தொடங்க வேண்டும். இப்படி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் சைகைகள் இருநூறுக்கும் மேல்.

இந்த ஒழுங்கை வெளியே எடுத்துக் காட்ட முடியுமா என்று ஃபோர்சைத்தும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து முயன்றார்கள். 2009இல் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. புவியியலாளர் ஒருவர் அந்த ஆட்டத்தை ஒரு நிலப்பகுதியாக எடுத்துக்கொண்டு, ஆடுபவர்கள் எங்கே அதிகம் திரிந்தார்கள் என்று அடர்த்தி வரைபடம் வரைந்தார். புள்ளியியல் ஆட்கள் அதை எண்களாகப் பார்த்தார்கள். கட்டட வடிவமைப்பாளர்கள் அதே தரவிலிருந்து மரச்சாமான் வடிவங்களை உண்டாக்கினார்கள். சைகை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைக் காணொளியின் மேலேயே வண்ணக் கோடுகளாக வரைந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஆட்டத்தைப் பார்த்தால், குழப்பம் போன இடம் தெரியாது. கண்ணே பழகிவிடுகிறது. நடனத்தைக் கதையாக விளக்காமல் அதன் எலும்புக்கூட்டை இப்படிக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அறிவாற்றல் ஆய்வாளர் டேவிட் கிர்ஷ் செய்ததும் இந்த வகைதான். மெக்ரெகரின் குழு வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து கவனித்தபோது அவர் கண்ணில் பட்டது ‘மார்க்கிங்’ என்ற பழக்கம். ஒத்திகையில் முழு வீச்சில் ஆடாமல், கால் செய்ய வேண்டியதைக் கையால் காட்டியும், சுழலுக்கு விரலை மட்டும் சுற்றியும் ஆடுபவர்கள் கோடிட்டுக்கொண்டே போவார்கள். உடம்பைச் சேமிக்கத்தான் இது என்று பொதுவாக எல்லோரும் நினைத்தார்கள். முழுதாக ஆடிப் பழகுவது, கோடிட்டுப் பழகுவது, அசையாமல் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது என மூன்றையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். கோடிட்டுப் பழகியதே அதிகப் பலன் தந்தது, முழுதாக ஆடியதைவிடக்கூட. உடல் அங்கே ஓய்வெடுக்கவில்லை, யோசிக்கிறது என்றார் அவர். நடனக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒன்று, மனிதர் எப்படிச் சிந்திக்கிறார் என்ற கேள்விக்குச் சான்றானது.

திரும்பிப் போகும் பாதை

நடனம் வாங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கொடுத்ததும் நிறைய. அசைவைக் காகிதத்தில் எழுதும் முறையை 1928இல் வெளியிட்ட ருடால்ஃப் லாபான், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் தொழிற்சாலைகளுக்குள் போனார். அதுவரை ஆண்கள் செய்துவந்த பளு தூக்கும் வேலைகள் பெண்களிடம் வந்த காலம் அது. கைவலுவை மட்டும் நம்பாமல் உடலின் எடையையும் வீச்சையும் பயன்படுத்தித் தூக்கச் சொல்லிக் கொடுத்தார். மேடையில் ஓர் அசைவு ஏன் அழகாக இருக்கிறது என்று ஆராய்ந்தவருக்கு, எந்த அசைவு உடம்பை வீணாக வதைக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு, உடல் அசைவைத் தடுமாற வைக்கும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கான ஓர் அமைப்போடு சேர்ந்து வகுப்பு தொடங்கியது. இன்று பல நாடுகளில் அந்த முறையில் வகுப்புகள் நடக்கின்றன. நினைத்ததும் காலை எடுத்து வைக்க முடியாதவருக்கு, தாளமும் மனத்தில் ஒரு காட்சியும் கொடுத்தால் அடி எளிதாக எழக்கூடும். அங்கே வருபவரை நோயாளியாக நடத்துவதில்லை, நடன மாணவராகத்தான் நடத்துகிறார்கள். வகுப்பின் உயிரே அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பார்க்கப் போகும்போது

கதை என்ன என்று தேடிக்கொண்டு உட்காராதீர்கள். பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில், என்ன விதியில் இவர்கள் நகர்கிறார்கள் என்று கவனியுங்கள். யார் யாரைப் பார்த்துத் தொடங்குகிறார்கள்? ஒலி முதலில் வருகிறதா, அசைவு முதலில் வருகிறதா? படைப்பு முடிந்து வெளியே வரும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: அந்த இன்னொரு துறையை எடுத்துவிட்டால் இந்த ஆட்டம் அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் அது வெறும் மேடை அலங்காரம். காணொளித் திரையும் லேசர் ஒளியும் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சரி.

உள்ளே என்ன நடக்கிறது என்று உணர்ந்து பார்க்க ஆசையா? ஏழெட்டுப் பேர் போதும், பயிற்சி எதுவும் வேண்டாம். ஒரு காலி அறையில் எல்லோரும் நில்லுங்கள். ஒவ்வொருவரும் வேறு இரண்டு பேரை மனத்துக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும், யாரை என்று சொல்லக் கூடாது. விதி ஒன்றே ஒன்று: அந்த இருவரிடமிருந்தும் எப்போதும் சம தூரத்தில் இருக்க வேண்டும். தொடங்கியதும் அறை முழுக்க நகரும், வேகமெடுக்கும், சுழலும், திடீரென்று மெல்ல அடங்கும். கணிதக்காரர் இதில் சமன்பாடுகளைப் பார்ப்பார், பறவைக் கூட்டங்களை ஆராய்கிறவர் தன் பறவைகளைப் பார்ப்பார், நடன அமைப்பாளர் தன் அடுத்த காட்சியைப் பார்ப்பார். எல்லோரும் அசையாமல் நின்றதும், யாராவது ஒருவரை ஓர் அடி மட்டும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.